சாரல் ஈரம் என்றார்கள்

குற்றாலத்தில் சீசன் டூட்டி முடித்து நனைந்த காக்கியோடு வீடு திரும்பும் நாட்களில் உமாராணிக்கு வேறெந்த ஆசையும் இருக்காது. சாய்ந்து உட்காரக் காய்ந்த சுவர் ஒன்று இருந்தால் போதும். அதற்கும் வழியில்லை. தென்காசியில் அவள் குடியிருந்த வாடகை வீடு ஆனி பிறந்ததும் கசியத் தொடங்கும். ஐப்பசி அடைமழை ஓய்ந்தபிறகுதான் நிற்கும். மகளின் பள்ளிச் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே காயவைத்துக் காலம் தள்ளினாள்.

சுரண்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் மிளகாயும் பல்லாரி வெங்காயமும் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவள். போலீஸ் வேலைக்குத் தேர்வானபோது, "பொம்பளப்புள்ளைக்கு லத்தி எதுக்கு?" என்று கேட்ட அதே சொந்தக்காரர்கள், இன்று கோவில் கொடைவிழாவுக்குப் பந்தோபஸ்து வேண்டுமென்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவள் இப்போது ஏட்டு. ஊருக்கு ஏட்டம்மா. கணவன் சுபாஷ் ராணுவத்தில், அஸ்ஸாம் பக்கம். ஆகவே கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவதிலிருந்து மகளுக்குப் பல் டாக்டர் பார்ப்பதுவரை எல்லாம் இவள் தலையில்.

ஸ்டேஷனில் விபத்து வழக்கு என்றால் உமாராணியைத்தான் அனுப்புவார்கள். லாரிக்காரன் ஒன்று சொல்வான், பைக்கில் வந்தவன் ஒன்று சொல்வான், டீக்கடையில் நின்றவன் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் மூன்றாவதாக ஒன்று சொல்வான். "யார் மேல தப்பு?" என்று அவள் கேட்கவே மாட்டாள். "நீ எங்கன நின்னே? அங்கன இருந்து என்ன தெரிஞ்சுது?" இவ்வளவுதான் கேட்பாள். சத்தம் போட்டுச் சாட்சி சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் இதிலேயே கழன்றுகொள்வார்கள்.

மேலகரத்து வீட்டைக் கண்டுபிடித்துச் சொன்னது அவளுடைய அண்ணன் முத்துராமலிங்கம். ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருப்பவர். அவருடைய சிநேகிதர் குமரகுரு, வயலாக இருந்த இடத்தை வாங்கி வரிசையாக வீடுகள் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். மற்றவை எல்லாம் விற்றுப்போயின. ஒன்று மட்டும் கட்டி முடித்து இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று உமாராணி கேட்டாள். "உனக்குன்னு எழுதியிருக்கு, அதான்" என்றார் அண்ணன்.

வீடு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாடி ஏறினால் மலை தெரிந்தது. ஆனால் பின்பக்கப் படுக்கையறையில் மட்டும் பெயிண்ட் வாசம் தூக்கலாக அடித்தது.

"இந்த ரூமுக்கு மட்டும் புதுசா அடிச்சிருக்கீங்களே அண்ணாச்சி?"

"பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னுதான் தங்கச்சி" என்றார் குமரகுரு.

உமாராணி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. ஜன்னல் மூலையில், புதுப் பெயிண்டுக்கு அடியில், படி இறங்குகிற மாதிரி ஒரு விரிசல் மடங்கி மடங்கிக் கீழே போயிருந்தது.

"சாரல் ஈரம் தங்கச்சி. நம்ம பக்கம் ஓதம் ஏறாத சுவரு எங்கன இருக்கு?"

'சாரல் ஈரம்' என்ற அந்த வார்த்தையை அன்று முதன்முதலாகக் கேட்டாள். அடுத்த சில வாரங்களில் அது காதில் விழும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிற அளவுக்குக் கேட்டுவிட்டாள்.

கடன் கேட்ட வங்கியிலிருந்து மதிப்பீட்டுக்கு ஒருவர் வந்தார். வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்தார், ஹாலில் உட்கார்ந்து அண்ணன் வாங்கிவந்த காபியைக் குடித்தார், "வீடு நல்லாருக்கு மேடம்" என்றார். பின்னறைக் கதவை அவர் திறக்கவே இல்லை. விரிசலைப் பற்றிச் சொன்னபோது, "அதெல்லாம் சாரல் ஈரம்" என்றார், பைக்கை உதைத்துக்கொண்டே.

உமாராணி தானே ஒரு பொறியாளரைத் தேடினாள். லோகநாயகி என்று ஒரு பெண், தென்காசியில் அலுவலகம் வைத்திருந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். ஒரு முழு முற்பகல் அந்த வீட்டில் இருந்தாள். சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டாள், ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தாள், வெளியே போய் அடுத்த வீட்டுக்கும் இதற்கும் நடுவிலிருந்த சந்துக்குள் குனிந்து பார்த்தாள். கடைசியில் சொன்னாள்: "இது பூச்சு வெடிப்பு இல்ல மேடம். மூலை கீழ எறங்குது. வயல்ல மண்ணடிச்சுக் கட்டியிருக்காங்க. அஸ்திவாரம் அந்தப் புது மண்ணு மேலதான் நிக்கும்னு நெனைக்கேன். அப்படின்னா இன்னைக்கு இந்த மூலை, நாளைக்கு மொத்த வீடும். வாங்காதீங்க."

அண்ணனுக்கு வந்ததே கோபம்! "யாரைக் கேட்டு இன்ஜினியரைக் கூட்டியாந்தே? அந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும்? பொம்பளப்புள்ள, அஸ்திவாரத்தப் பத்திச் சொல்ல வந்துட்டா!"

மறுவாரமே அவர் ஆவுடையப்பன் என்பவரைக் கூட்டிவந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். நெற்றி நிறையத் திருநீறு, தங்கக் கம்பி போட்ட கண்ணாடி. பின்னறை வாசலில் நின்றபடியே பார்த்தார். உள்ளே வரவில்லை.

"பூச்சு வெடிப்பும்மா. பூசின சுவருக்குத் தண்ணி சரியா விடலன்னா இப்படித்தான். பட்டி மாவு வச்சு இழுத்தா முடிஞ்சுது. கீழ இருக்கது சாரல் ஈரம்."

"கிட்ட வந்து பாக்கலியே சார்?"

"முப்பது வருசம் பாத்த கண்ணும்மா இது" என்று சிரித்தார்.

பிறகு தொடங்கியது கூத்து. சித்தப்பா போன் செய்தார்: அனுபவஸ்தர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட வேலை பார்க்கும் ஒருத்தி சொன்னாள்: அந்த ஆவுடையப்பன் குமரகுருவிடம் வாங்கித் தின்கிறவன், அவன் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும். கொழுந்தனார் சொன்னார்: மூன்றாவதாக இன்னொரு பொறியாளரைக் கூப்பிடு, இரண்டு பேர் எதைச் சொல்கிறார்களோ அதுதான் சரி. சுபாஷ் அஸ்ஸாமிலிருந்து பேசினான். "எனக்கு இங்கன இருந்து என்ன தெரியும் உமா? ரெண்டு பேரும் படிச்சவங்கதானே? தம்பி சொல்லுத மாதிரி மூணாவது ஆளையும் கேட்டுப் பாரு."

"சுவரு என்ன எலெக்சன்லயா நிக்கி, மெஜாரிட்டி பாக்கதுக்கு?" என்று கத்திவிட்டு போனை வைத்தாள்.

அவளுக்கு ஆறவே இல்லை. ஒருத்தருக்காவது அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கவலை இருந்ததா? சொன்னது யார், வயது என்ன, ஆணா பெண்ணா, யாருடைய ஆள்... இதுதான் பேச்சு. தன் பக்கம் பேசுகிறவர்களும் அதைத்தான் செய்தார்கள் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆவுடையப்பன் குமரகுருவின் ஆளாக இருப்பதால் மட்டும் விரிசல் ஆழமாகிவிடுமா? ஆயுள் முழுக்கக் கட்டப்போகிற கடனை இவர்கள் யாரும் கட்டப்போவதில்லை. அந்த அறையில் படுக்கப்போவது அவள் மகள்.

ஒரு மத்தியானம் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் வந்தபோது அடுத்த வீட்டு மதிலுக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது.

"அக்கா, நீங்கதான் வாங்கப் போறியளா?"

அவள் பெயர் ஜைனப். கணவன் நாசருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. முதல் வீட்டை வாங்கிக் குடிவந்தவர்கள் இவர்கள்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

ஜைனபின் படுக்கையறைச் சுவரும் அதே சந்தைப் பார்த்ததுதான். கட்டிலைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தாள். சுவரின் அடிப்பக்கம் கறுத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து நின்றது. சாம்பிராணி வாசத்தையும் மீறி ஒரு மக்கல் நாற்றம்.

"வருசா வருசம் பெயிண்ட் அடிக்கேன்க்கா. ஒரு மாசம் தாங்காது. மகளுக்கு இழுப்பு வந்துட்டு. மருந்து உறிஞ்சாம படுக்க மாட்டா."

"குமரகுருகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். ஒரு இன்ஜினியர் சாரைக் கூட்டியாந்தாங்க, தங்கக் கண்ணாடி போட்டுட்டு. அந்த சார், நான் தரைய வாளி வாளியாத் தண்ணி ஊத்திக் கழுவுததாலதான் ஓதம் ஏறுதுன்னு சொல்லிட்டாங்க. மிச்சம் சாரல் ஈரமாம். அன்னையிலேருந்து ஈரத்துணி வச்சுத்தான் தொடைக்கேன். எங்க வீட்டுல அவங்க போன்ல கேக்காங்க, 'கட்டின வீட்டைக்கூடப் பாத்துக்கத் தெரியாதா'ன்னு." சொல்லும்போதே ஜைனபுக்குக் கண் கலங்கியது. "நெசமாவே என் தப்புதானோன்னு நெனச்சிட்டு இருக்கேன்க்கா."

உமாராணி கறுத்த சுவரைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனையோ பொய்யை நேரில் கேட்டவள். ஆனால் ஒரு பெண்ணிடம் அவள் வீட்டுச் சுவர் அவளால்தான் கெட்டது என்று சொல்லி, இத்தனை காலம் அவளைக் குற்றவாளியாகத் துடைக்கவைத்துவிட்டு, அதே ஆள் அடுத்த வீட்டு வாசலில் நின்று அதே வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான் என்றால்! அங்கேயே போனை எடுத்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். திட்டினால் அந்த ஆள் திட்டைப் பற்றிப் பேசுவான். சுவரைப் பற்றிப் பேசவைக்க வேண்டும்.

"நீ கழுவினதுனால இல்ல ஜைனப்" என்றாள். "வார ஞாயித்துக்கெழமை வீட்டுல இரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. உமாராணி பருத்திச் சேலையில் வந்தாள். காக்கியைத் தொடக்கூடாது என்று முதலிலேயே முடிவுசெய்திருந்தாள். லோகநாயகியை வரச் சொல்லியிருந்தாள். தங்கை ஒருவழியாகச் சம்மதிக்கப் போகிறாள் என்று நினைத்து அண்ணன் ஆவுடையப்பனையும் குமரகுருவையும் கூட்டிவந்தார். ஒரு கொத்தனார் கடப்பாரையோடு நிற்பதைப் பார்த்ததும் குமரகுருவின் முகம் மாறியது.

"சார், மேடம், ஒரு வேண்டுகோள்" என்றாள் உமாராணி. "ஒருத்தர் சொன்னதப் பத்தி இன்னொருத்தர் பேச வேண்டாம். என்ன தெரியுதுன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க. ஏன்னு அப்புறம் கேப்போம். சார், உள்ள வாங்க. வாசல்ல நின்னா தெரியாது."

ஆவுடையப்பன் முதன்முறையாக அந்த அறைக்குள் கால் வைத்தார். விரிசல் மேலே அகலமாகவும் கீழே வர வர ஒடுங்கியும் இருக்கிறது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஈரம் மூலையில்தான் அதிகம், தள்ளிப்போகக் குறைகிறது, அதையும் ஒப்புக்கொண்டார்கள். என்ன தெரிகிறது என்று பார்த்தால் சண்டையே இல்லை. இத்தனை வாரமும் அடித்துக்கொண்டது எதற்கு?

"பூச்சு வெடிப்புன்னா, பூச்சப் பெயத்தா உள்ள என்ன சார் இருக்கும்?"

"செங்கல் சுத்தமா இருக்கும்."

"அஸ்திவாரம் புது மண்ணு மேல நிக்கின்னா, தோண்டினா என்ன மேடம் தெரியும்?"

"கல்லுக்கு அடியில கொட்டின மண்ணு தெரியும்."

"அப்பப் பெயக்கலாம், தோண்டலாம்."

"என் வீட்டை ஒடைக்க நீங்க யாரு?" என்று குமரகுரு குறுக்கே வந்தார். "கிரையம் முடிச்சிட்டு என்ன வேணா செய்ங்க."

"ஏட்டி, இது ஸ்டேஷன் இல்ல" என்றார் அண்ணன்.

"ஸ்டேஷனா இருந்தா இவ்வளவு நேரம் கெஞ்சிட்டு இருக்க மாட்டேன். ஒரு சாண் பூச்சு அண்ணாச்சி. உள்ள நல்லா இருந்தா என் செலவுல பூசிட்டு நாளைக்கே பதிவுக்கு வாரேன்."

"அடிச்சுத்தான் பாக்கட்டுமே குமரகுரு" என்றார் ஆவுடையப்பன். தான் சொன்னதை அவர் அவ்வளவு நம்பினார். அல்லது, தான் சொன்னதை யாரும் சோதிப்பார்கள் என்று அவருக்கு வாழ்க்கையில் தோன்றியதே இல்லை.

பூச்சு பெயர்ந்து விழுந்தது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருந்த சாந்து வாய் பிளந்து, அதே படிக்கட்டாகக் கீழே இறங்கியது. உமாராணி தன் விரல் நகத்தை உள்ளே விட்டுக் காட்டினாள். ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே சந்தில் மூலைக்கு அடியில் தோண்டினார்கள். கொஞ்சம் போனதுமே மண் கறுப்பாக வந்தது. நாற்றம் தாங்காமல் அண்ணன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். லோகநாயகி குழிக்குள் இறங்கி, கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"மேடம், நான் சொன்னதுல பாதி தப்பு" என்றாள். "கல்லு புது மண்ணு மேல நிக்கல. நல்ல களிமண்ணு வரைக்கும் போட்டிருக்காங்க. மொத்த வீடும் எறங்கும்னு நான் சொன்னது சரியில்ல. இந்த மூலையில மட்டும் மண்ணு ஊறிக் கொழஞ்சு போச்சு. இது மழைத்தண்ணி இல்ல."

கறுப்பு மண் போன திசையில் தோண்டிக்கொண்டே போனார்கள். சந்தின் நடுவில், மண் மூடிக் கிடந்த ஒரு சிமெண்டுப் பலகையில் கடப்பாரை இடித்தது. புரட்டினார்கள். ஜைனப் வீட்டு செப்டிக் டேங்கிலிருந்து வழிகிற கழிவுநீருக்கான குழி. சிமெண்டு வளைய உறை இறக்கவில்லை, கல் கட்டவில்லை. வெறும் பள்ளம். இரண்டு வீட்டுச் சுவர்களும் இரண்டு பக்கமும் நின்று இரண்டு வருஷமாக அதைக் குடித்துக்கொண்டிருந்தன.

"எடம் பத்தல... எல்லாரும் இப்படித்தான் போடுதாங்க" என்று முனகினார் குமரகுரு.

"நான் அன்னைக்கே லேசா சந்தேகப்பட்டேன்" என்றார் ஆவுடையப்பன்.

அவ்வளவு நேரம் அடக்கிவைத்தது உமாராணிக்கு அங்கே உடைந்தது.

"சந்தேகப்பட்டீங்களா? சந்தேகப்பட்டுட்டா சாரல் ஈரம்னு சொல்லிட்டுப் போனீங்க? அந்தா நிக்காளே, அவ தண்ணி ஊத்திக் கழுவுதான்னு சொன்னீங்களே, சொல்லும்போது நாக்கு கூசலியா? இந்தப் புள்ளைக்கு வயசு பத்தாது, அனுபவம் பத்தாதுன்னு எல்லாரும் சொன்னீங்க. அவ தான் சொன்னது தப்புன்னா தப்புன்னு குழிக்குள்ள நின்னு சொல்லுதா. உங்களால ஒரு வார்த்தை சொல்ல முடியுதா சார்? அண்ணாச்சி, மலத்தண்ணியை ரெண்டு வீட்டுக்கு நடுவுல விட்டுட்டு, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சு எனக்கு விக்கப் பாத்தீங்க. தங்கச்சின்னு வேற கூப்பிட்டீங்க!"

சாரல் தூறிக்கொண்டே இருந்தது. பின்வாசலில் நின்ற ஜைனப் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

குமரகுரு சும்மா இருக்கவில்லை. போலீஸ்காரி அதிகாரத்தைக் காட்டி மிரட்டி வீட்டை உடைத்தாள் என்று மேலதிகாரியிடம் மனுக் கொடுத்தார். உமாராணியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இத்தனை வருஷ சர்வீசில் அவள் மேல் வந்த முதல் மனு. கையைக் கட்டிக்கொண்டு நின்று பதில் சொல்ல வேண்டியிருந்ததில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சேலையிலதான் போனேன் சார். கேள்வி மட்டும்தான் கேட்டேன். அதுவே மெரட்டல்னா, பதில் இல்லாதவருக்குத்தான் அப்படித் தோணும்" என்றாள். லோகநாயகி நேரில் வந்து நடந்ததைச் சொன்னாள், தன் கணிப்பில் பாதி தவறிப்போனது உட்பட. மனு அதோடு நின்றது.

ஆனால் குமரகுருவை மடக்கியது உமாராணி அல்ல, ஜைனப். குழியைப் படமெடுத்து, மகளின் மருந்துச் சீட்டையும் சேர்த்து, பேரூராட்சியில் புகார் கொடுக்கத் தானே போனாள். போகும்போது நாசருக்கு வீடியோ அனுப்பினாள். கூடவே, "வீட்டைப் பாத்துக்கத் தெரியாதது நான் இல்ல" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும். நாசர் அன்று இரவு முழுக்க மன்னிப்புக் கேட்டானாம். விஷயம் வெளியே போனதும் மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் குழியைத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்குமேல் குமரகுருவால் தாங்க முடியவில்லை. குழியை ஜைனப் வீட்டு முன்பக்கம் மாற்றி, உறை இறக்கிக் கொடுத்தார். மூலையில் ஊறிய மண்ணை அள்ளிவிட்டுக் கான்கிரீட் போட்டார்.

அதற்குப் பிறகும் உமாராணி பதிவுக்கு வரவில்லை. லோகநாயகி விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்தாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். "ஐப்பசி மழை கழியட்டும்" என்றாள் உமாராணி. வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன் என்றார் குமரகுரு. "தாராளமா வித்துக்கோங்க. வாரவங்ககிட்ட நானும் பேசுதேன்" என்றாள். யாரும் வரவில்லை.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டியது. கண்ணாடி உடையவில்லை. தையில் பத்திரம் பதிவானது.

பால் காய்ச்சுகிற அன்று சுபாஷ் லீவில் வந்திருந்தான். மாதக்கணக்கில் பேசாமலிருந்த அண்ணனும் வந்தார், ஆவுடையப்பனைக் கூட அழைத்துக்கொண்டு. அவர் ஹாலில் நடுநாயகமாக உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"நான் அன்னைக்கே சொன்னேம்லா, நல்ல வீடுன்னு!"

பாயசத் தம்ளரோடு வந்த உமாராணி நின்றாள். நல்ல நாள் அதுவுமாக வேண்டாம் என்று சுபாஷ் கண்ணைக் காட்டினான். தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஜைனப், இங்கன வா. சார் வந்திருக்காங்க. உனக்கு அவங்ககிட்ட கேக்க வேண்டியது இருக்குல்லா?"

ஜைனப் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"சார், என் மக மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப நீங்க என் வீட்டுக்கு வந்தீங்க. வாளி எத்தனைன்னு என்கிட்ட கேட்டீங்க. சந்துல என்ன இருக்குன்னு ஏன் சார் போய்ப் பாக்கல?"

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார். அண்ணன் முத்துராமலிங்கம் வாயைத் திறந்தார்; பிறகு என்ன நினைத்தாரோ, தன் சிநேகிதரின் சிநேகிதருக்காகப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். ஆவுடையப்பன் இலைக்கு உட்காராமலே செருப்பைத் தேடிப் போனார். யாரும் தடுக்கவில்லை.